ஏழு மெகாஹெர்ட்ஸில் மூன்று கோடுகள்: சேலத்துத் தெரு ஒன்றில் வீட்டுக் கணினி எழுப்பிய வானொலி இரைச்சல் பற்றிய நிகழ்வு ஆய்வு

சேலம் அஸ்தம்பட்டிப் பகுதியின் குடியிருப்புத் தெரு ஒன்றில் இயங்கும் ஹாம் வானொலி (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வானொலி) நிலையம், மாலை நேரங்களில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எவருடனும் பேச முடியாத நிலைக்கு வந்திருந்தது. நிலையம் என்னுடையது. இரைச்சலை எழுப்பியது, சில வீடுகள் தள்ளி ஒரு மாடியறையில் கல்லூரி மாணவர் ஒருவர் பயன்படுத்திவந்த மேசைக் கணினி. இந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஏனெனில் கணினிதான் காரணம் என்று தெரிந்துகொண்டதால் மட்டும் இரைச்சல் ஒரு டெசிபெல்கூடக் குறையவில்லை. கணினியின் எந்த உறுப்பு, எந்தக் கம்பி வழியாக, ஏன் குறிப்பாக 7 மெகாஹெர்ட்ஸில் என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை கண்ட பிறகே வேலை முடிந்தது. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த மூன்றைப் பற்றியது.

நிலையமும் அளவுகோலும்

மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாயின் உச்சியிலிருந்து இருபுறமும் சரியும் தலைகீழ் வி வடிவ டைபோல் ஆன்டெனா, கை ஒன்றுக்குச் சுமார் 10 மீட்டர் செம்புக் கம்பி, கீழே அறைக்கு வரும் கோஆக்ஸ் கேபிள், அனுப்பவும் கேட்கவும் வல்ல 100 வாட் டிரான்சீவர், 12 வோல்ட் பேட்டரி ஆகியவையே நிலையம். இந்தியாவில் ஹாம்களுக்கு இந்த அலைவரிசையில் 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. பகலில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள சென்னை, பெங்களூரு, மதுரை, கொச்சி நிலையங்களோடு பேச இதைவிடத் தோதான அலைவரிசை இல்லை என்பதால், தென்னிந்திய ஹாம்களின் காலை, மாலை நெட்டுகள் எனும் கூட்டு உரையாடல்கள் பெரும்பாலும் இதில்தான் நடக்கின்றன. இருட்டிய பிறகு தொலைவு நீண்டு, வெளிநாட்டு நிலையங்களும் கேட்கத் தொடங்கும்.

இரைச்சல் அதிகம் என்று சொல்வதற்கு எதைவிட அதிகம் என்ற அளவுகோல் வேண்டும். அதே டிரான்சீவரையும் அதே நீளக் கம்பியையும் எடுத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்குச் சென்று, சில்வர் ஓக் மரங்களுக்கிடையே கம்பியைக் கட்டி, பேட்டரியில் இயக்கிப் பார்த்தேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மின்கம்பிகளும் வீடுகளும் தள்ளியிருந்த அந்த இடத்தில், சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டர் முள் எஸ் 1-க்கும் எஸ் 2-க்கும் இடையே கிடந்தது. உயரத்தால் கிடைத்த அமைதி அன்று அது. சுற்றுப்புறத்தில் மின்னணுச் சாதனங்கள் அருகியிருந்ததால் கிடைத்தது. சேலத்தில் என் வீட்டில் நள்ளிரவுக்குப் பிந்தைய அமைதியான நேரத்தில் அதே அளவு எஸ் 4. மாலையிலோ அலைவரிசை முழுவதும் எஸ் 7; அதற்கு மேல், குறிப்பிட்ட மூன்று இடங்களில் எஸ் 9.

எஸ் அலகு ஒன்று 6 டெசிபெல், அதாவது மின்னழுத்தத்தில் இரு மடங்கு; எஸ் 9 என்பது ரிசீவரின் நுழைவாயிலில் 50 மைக்ரோவோல்ட். கணக்குப்படி எஸ் 2-க்கும் எஸ் 9-க்கும் இடையே 128 மடங்கு வேறுபாடு. நடைமுறையில் பெரும்பாலான டிரான்சீவர்களின் மீட்டர் எஸ் 9-க்குக் கீழே இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஆகவே இங்கே வரும் வாசிப்புகளை ஒரே கருவியில், ஒரே ஆன்டெனாவில் முன்னும் பின்னும் எடுத்த ஒப்பீடுகளாக மட்டுமே கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட தேடலில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சொந்த வீட்டை. டிரான்சீவரை பேட்டரியில் வைத்துக்கொண்டு, மெயின் சுவிட்சை அணைத்தபோது இரைச்சல் பெரிதாக அசையவில்லை. சமையலறை எல்இடி விளக்கு ஒன்றும் ஒரு செல்போன் சார்ஜரும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றிவிட்டு அந்த அத்தியாயத்தை முடித்துக்கொண்டேன்.

இரைச்சலின் அமைப்பு

காதால் கேட்டால் எல்லா இரைச்சலும் ஒன்றுபோல் இருக்கும். வரைபடமாகப் பார்த்தால் அப்படி இராது. மலிவு விலையில் கிடைக்கும் யுஎஸ்பி எஸ்டிஆர் ரிசீவர் (மென்பொருளோடு இயங்கும் வானொலி) ஒன்றை, பேட்டரியில் ஓடும் மடிக்கணினியோடு இணைத்து, அதிர்வெண்களை நேர வரிசையில் வரைந்துகாட்டும் வாட்டர்ஃபால் திரையில் அலைவரிசை முழுவதையும் விரித்துப் பார்த்தேன். மடிக்கணினியே ஒரு இரைச்சல் மூலம் என்பதால், அதை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைத்து, யுஎஸ்பி கேபிளை, கம்பியில் ஓடும் வானொலி இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் வளையத்தில் சுற்றி, ஆன்டெனாவைக் கழற்றினால் திரை வெறுமையாகிறது என்று உறுதிசெய்த பிறகே திரையில் கண்டதை நம்பினேன்.

திரையில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. முதலாவது, அடித்தளத்தையே மேலே தூக்கிய அகன்ற மேடுகள். ஓரங்கள் மங்கலாக, நிமிடத்துக்கு நிமிடம் சற்றே இடம் நகர்பவையாக, ஏஎம் முறையில் கேட்டால் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் உடையவையாக அவை இருந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்னாக்கினால் 100 ஹெர்ட்ஸ் அலைவு எஞ்சும். ஆகவே இது மின் இணைப்பிலிருந்து ஓடும் ஒரு சுவிட்சிங் பவர் சப்ளை, கடைகளில் எல்லாரும் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டு வாங்கும் பொருள். சுமை கூடக் குறைய அதன் அதிர்வெண் நெளிவதால் மேடுகள் நகர்கின்றன. எஸ்எம்பிஎஸ் எல்லா வீட்டிலும் ஒரு டஜனாவது இருப்பதால், இந்தத் துப்பு மட்டும் எங்கும் கொண்டுசெல்லாது.

இரண்டாவதுதான் பேசிற்று. 7020, 7087.5, 7155 கிலோஹெர்ட்ஸில் மூன்று கோடுகள், மணிக்கணக்கில் இம்மியும் நகராமல் செங்குத்தாக நின்றன. அப்படி நகராமல் நிற்பது, மின்னணுச் சாதனங்களில் துடிப்பை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் குணம். கோடுகளுக்கிடையே இடைவெளி 67.5 கிலோஹெர்ட்ஸ், மூன்றும் முறையே அந்த எண்ணின் 104, 105, 106 மடங்குகள். கோடு ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதன் இருபுறமும் 60 ஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளிக் கிளைக்கோடுகள் தெரிந்தன. நம் ஊர் மின்சாரத்தில் பிறந்தது எதுவானாலும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் கிளைத்திருக்க வேண்டும். 60 என்ற எண் வேறு இடத்திலிருந்து வருகிறது.

1920 x 1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு வரும் சமிக்ஞையில், கண்ணுக்குத் தெரியும் 1080 வரிகளோடு தெரியாத வரிகளும் சேர்ந்து ஒரு சட்டத்துக்கு (ஒரு முழுப் படத்துக்கு) 1125 வரிகள். வினாடிக்கு 60 சட்டங்கள் எனில் 67,500 வரிகள். இதுவே 67.5 கிலோஹெர்ட்ஸ். இதே தெளிவுத்திறனில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் உண்டு என்றாலும், நம் நாட்டு செட்-டாப் பெட்டிகள் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸில் இயங்குபவை. முழு எச்டியில் அவற்றின் வரி வேகம் 56.25 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதில் பாதியாக இருக்கும். 60 ஹெர்ட்ஸ் என்பது கணினித் திரையின் வழக்கமான அமைப்பு. வீட்டைவிட்டு வெளியே கால் வைக்கும் முன்பே, தேட வேண்டியது 1080 வரித் திரை இணைந்த ஒரு கணினி என்பது ஏறத்தாழ உறுதியாகிவிட்டது.

நேரமும் சில செய்திகளைச் சொல்லிற்று. கல்லூரி நாட்களில் மாலைக்குப் பிறகு. ஞாயிறன்று காலை முதலே. இரவில் சில வேளைகளில் மூன்று கோடுகளும் ஒரே கணத்தில் மறைய, அகன்ற மேடுகள் மட்டும் தொடர்ந்தன; பிறகு கோடுகள் திரும்பின. திரை உறங்கிப்போய்க் கணினி விழித்திருக்கும் நிலை அது. மேடுகளும் கோடுகளும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன என்ற ஊகத்துக்கு அது வலுவூட்டியது. கோடுகளின் தொனி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறுவதையும் கவனித்தேன். யாரோ ஒரு பக்கத்தை உருட்டிப் படிக்கிறார்கள் என்று எளிதில் ஊகிக்கலாம். என்ன படிக்கிறார்கள் என்பது இந்த முறையில் தெரியாது என்பதையும் சொல்லிவைப்பது நல்லது, பின்னால் அந்தச் சந்தேகம் எழுந்தது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்பட்ட பகல் ஒன்று எதிர்பாராத உதவியாக அமைந்தது. அது மாணவர்களுக்கு விடுமுறை நாள். தெருவின் மற்ற இரைச்சல் விழுந்து, மேடுகளுக்கு இடையே ஏற்காட்டு வாசிப்பை ஒட்டிய அமைதி நிலவியது. ஆனால் மூன்று கோடுகளும் மேடுகளும் அப்படியே நின்றன. கணினியோடு விற்கப்படும் சிறிய யுபிஎஸ் கால்மணி, அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இது மதியம் தாண்டியும் ஓய்வதாக இல்லை. பெரிய பேட்டரியோடு கூடிய வீட்டு இன்வெர்ட்டரில் அந்தக் கணினி ஓடுகிறது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. மின்கம்ப இன்சுலேட்டர்கள் மேல் இருந்த சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது.

தெருவில் தேடுதல்

சிற்றலை, மத்திய அலை இரைச்சலை ஒரு சிறிய ரேடியோவோடு தெருவில் நடந்து தேடுவது என்ற பழைய வழியில் ஒரு பொறி இருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கோல், தன் நுனி எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தத் திசையிலிருந்து வருவதைக் கேட்காது. ஒலி உச்சமாகும் திசையைவிட ஒலி அடங்கும் திசையே கூர்மையாகத் தெரியும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கும் கோவையின் 999 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையே வெறுமையான இடத்தில் வைத்துக்கொண்டு நடந்தபோது, எல்லா மின்கம்பத்தடியிலும் ரேடியோ அலறியது. எஸ்எம்பிஎஸ் கக்கும் இரைச்சல் சுவர் சாக்கெட் வழியாகத் தெருக்கம்பிக்கு ஏறி, தெரு நெடுகப் பரவிவிடுகிறது. அந்த நிலையில் ரேடியோ காட்டுவது கம்பியின் திசையை, மூலத்தின் திசையை அன்று.

அதிர்வெண் ஏற ஏற, இரைச்சல் கம்பி வழியே நெடுந்தூரம் ஓடும் ஆற்றலை இழக்கிறது. ஆகவே மூலத்தை நெருங்க வேண்டுமானால் மேலே போக வேண்டும். எவ்வளவு மேலே என்பதை அந்த மூன்று கோடுகளே சொல்லியிருந்தன. 67.5 கிலோஹெர்ட்ஸ் வரி வேகமுள்ள முழு எச்டி சமிக்ஞையில் ஒரு வரிக்கு 2200 புள்ளித் துடிப்புகள், பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐ கேபிளில் ஓடும் கடிகாரத் துடிப்பின் அதிர்வெண் அதுவே. இது ஹாம்களின் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சற்று மேலே, ஹாம்களின் பெரும்பாலான கையடக்கக் கருவிகள் கேட்கக்கூடிய எல்லைக்குள் இருக்கிறது.

இன்னொரு நுட்பமும் கைகொடுத்தது. எஸ்டிஆர் ரிசீவரின் சொந்தப் பிழையைத் திருச்சி வானொலியின் கேரியரோடு (ஒலியைச் சுமந்துவரும் மாறாத அலையோடு) ஒப்பிட்டு நீக்கியபின், நடுக்கோடு சரியாக 7087.5-இல் இல்லாமல் சுமார் 0.2 கிலோஹெர்ட்ஸ் மேலே நின்றது. படிகத்தின் விலகல் எல்லா மடங்குகளிலும் ஒரே விகிதத்தில் இருக்கும், எனவே 148.5 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் மேலே தெரிய வேண்டும். கைக்கருவியை 148.505-இல் வைத்து, எஃகு அளவுநாடாத் துண்டுகளால் செய்த மூன்று கம்பி யாகி ஆன்டெனாவை (நோக்கும் திசையிலிருந்து வருவதையே அதிகம் கேட்பது) இணைத்து, முதலில் என் மாடியிலிருந்தும் பிறகு தெருக்கோடியிலிருந்தும் திருப்பிப் பார்த்தேன். எஃப்எம் கருவியில் தூய கேரியர் ஒலியாக வராது. சமிக்ஞை இல்லாதபோது சீறிக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கி, ஆன்டெனா சரியான திசைக்குத் திரும்பியதும் வாயடைத்துப்போகும். இரு இடங்களிலிருந்தும் வாயடைத்த திசைகள் ஒரே வீட்டின் மாடியில் வெட்டிக்கொண்டன. வாசலுக்கு நேரே சென்றதும் யாகியைக் கழற்றிவிட்டு, கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். முதுகு வீட்டைப் பார்த்தபோது மட்டும் சீறல் திரும்பிற்று. உடம்பு மறைத்தாலே மங்குமளவு குறைந்த அந்தச் சமிக்ஞை, யாகி இல்லாமல் இரண்டு வீடு தள்ளிப் போனால் இல்லை. மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

புகார் என்ற வழியும் உண்டு. ஹாம் உரிமம் தரும் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவிடம் எழுதலாம். அதற்கென்று கண்காணிப்பு நிலையங்களும் இருக்கின்றன. ஆனால் நான்கு சுவர் தள்ளி வாழ்பவர்களோடு தீர்க்க வேண்டியதைக் கடிதத்தில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தவிர, தரநிலைகள் ஹாமின் காதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையும் அல்ல. மின்னணுச் சாதனங்களின் இரைச்சலுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் சிஸ்பிஆர் 32 தரத்தில், வீட்டு உபயோகத்துக்கான பி வகுப்புச் சாதனம் 5 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை மின்கம்பிக்குள் அனுப்பக்கூடிய இரைச்சலின் உச்ச வரம்பு 60 டெசிபெல் மைக்ரோவோல்ட், அதாவது ஒரு மில்லிவோல்ட். என் ரிசீவரில் எஸ் 9 காட்ட 50 மைக்ரோவோல்ட் போதும். விதிக்கு உட்பட்ட சாதனம்கூடப் பக்கத்தில் இருந்தால் தொல்லை தரலாம், காப்பாற்றுவது இடைவெளிதான். நம் நாட்டில் எஸ்எம்பிஎஸ் மேல் காணும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் மின் பாதுகாப்புச் சோதனைக்கானது. அது இருப்பதால் இரைச்சல் இராது என்று பொருள் கொள்ளக்கூடாது.

இந்தத் தொல்லை வீட்டுக் கணினியோடு கூடவே பிறந்தது. 1975-இல் கலிஃபோர்னியாவில் ஆல்டேர் 8800 கணினியின் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்து, அதன் கசிவையே இசையாகக் கேட்க வைத்தார்கள். அன்று அது வேடிக்கை. சில ஆண்டுகளில் அண்டை வீட்டுத் தொலைக்காட்சிகள் கலங்கத் தொடங்க, அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த கதிர்வீச்சு வரம்புகளுக்கு ஈடுகொடுக்க முடியாமலே டிஆர்எஸ்-80 மாடல் 1 கணினி 1981 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. இன்று தனித்தனி உறுப்புகளை வாங்கிக் கடையில் பூட்டித் தரும் கணினியை, பூட்டிய பிறகு யாரும் அளந்து பார்ப்பதில்லை.

மாடியறை

வீட்டாரிடம் சென்று, என் ரேடியோவில் வரும் ஒரு தொல்லையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், உங்கள் கணினியைச் சிறிது நேரம் அணைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மாணவரின் முதல் கவலை, அவர் கணினியில் பார்ப்பதை எல்லாம் நான் பார்க்க முடியுமா என்பது. முடியாது என்பதையும், எனக்குத் தெரிவது திரை எரிகிறதா அணைந்ததா என்பது மட்டுமே என்பதையும் விளக்கிய பிறகு அவரே ஆர்வமாகிவிட்டார். “அங்கிள், சில நாள் என் ஸ்பீக்கர்ல யாரோ பேசற மாதிரி கரகரன்னு வரும். செல்போன் டவர்னு நெனச்சேன், அது நீங்கதானா?” என்றார். நான்தான். எந்தக் கம்பி வழியாக அவருடைய இரைச்சல் வெளியேறுகிறதோ, அதே கம்பி வழியாக என் ஒலிபரப்பு உள்ளே நுழைந்திருக்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் சரியாகும் என்று அவரிடம் சொல்ல முடிந்ததால், தொல்லை இருவருக்கும் பொதுவானதாகிவிட்டது.

அவருடைய அம்மா சொன்னது இன்னும் பயனுள்ளது: “அந்த சிபியூவத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுங்க சார். நாங்க செருப்பு போட்டுட்டுத்தான் பக்கத்துலயே போறது.”

என் மொட்டை மாடியில் டிரான்சீவர் முன்னே ஒரு ஹாம் நண்பர் உட்கார்ந்திருக்க, செல்போனில் அவரோடு பேசியபடி ஒவ்வொன்றாக மாற்றினோம். மானிட்டர் கேபிளைக் கழற்றியதும் மூன்று கோடுகளும் மறைந்தன, மேடுகள் நின்றன. கணினியை முழுதாக அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்ததும் மேடுகளும் போயின. தற்செயல் என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்பதற்காக, திரையின் தெளிவுத்திறனை 1280 x 720-க்கு இறக்கச் சொன்னேன். அதில் சட்டத்துக்கு 750 வரிகள். 60 சட்டங்களுக்கு 45 கிலோஹெர்ட்ஸ். கணக்குப்படி 7087.5-இல் உள்ள நடுக்கோடு மறைய வேண்டும். 7065, 7110 என்ற இடங்களில் புதிய கோடுகள் எழ வேண்டும். 7020, 7155 ஆகிய இரண்டும் 67.5, 45 ஆகிய இரு எண்களுக்குமே பொது மடங்குகள் என்பதால் அசையாமல் நிற்க வேண்டும். என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை நண்பரிடம் சொல்லாமல், கண்டதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். “நடுவுல இருந்தது போயிருச்சு, ரெண்டு பக்கமும் புதுசா ரெண்டு வந்திருக்கு, ஓரத்துல இருந்த ரெண்டும் அப்படியே இருக்கு” என்றார்.

அடுத்து, எந்தக் கம்பி ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்ற கேள்வி. 148.5 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளே போதுமான ஆன்டெனா. 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டருக்கு மேல். அவ்வளவு சிறிய கேபிளால் அதைத் தெருவுக்கு அனுப்ப முடியாது. ஸ்பீக்கர், பிரிண்டர், கீபோர்டு என்று கழற்றியதில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. லேன் கேபிளைக் கழற்றியதும் கோடுகள் எஸ் 9-இலிருந்து எஸ் 6-க்கு விழுந்தன.

அந்த லேன் கேபிள் கீழே கூடத்தில் இருந்த ரூட்டரிலிருந்து புறப்பட்டு, ஜன்னல் கம்பி வழியே வெளியேறி, மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டு, மாடியறைக்கு ஏறியது. அளந்து பார்த்தால் சுமார் பத்தரை மீட்டர். 7 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளமும் அதுவே. வெட்டவெளியில் செங்குத்தாக ஏறி, கீழ்முனையில் ரூட்டரும் மேல்முனையில் இரைச்சல் ததும்பும் இரும்புப் பெட்டியுமாக நின்ற அந்தக் கேபிள், யாரும் திட்டமிடாமலே 7 மெகாஹெர்ட்ஸ் (40 மீட்டர்) அலைவரிசைக்கு இசைந்த ஆன்டெனாவாக அமைந்துவிட்டது. இதே கணினி 14 மெகாஹெர்ட்ஸில் ஏன் அவ்வளவு தொல்லை தரவில்லை என்பதற்கும் இதுவே விடை.

பெட்டிக்குள் இருந்ததும் இல்லாததும்

எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்துக் கையில் தூக்கியதுமே ஐயம் வந்தது. லேபிளில் அச்சிட்டிருந்த வாட்டுக்கும் கையில் தெரிந்த எடைக்கும் பொருத்தமில்லை. இதைத் திறப்பதற்குப் பழக்கமில்லாதவர்கள் முனையக்கூடாது. உள்ளே நேர்மின்னாக்கிய மின்னழுத்தம் 325 வோல்ட் வரை இருக்கும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம்.

மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில், இரு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு எக்ஸ் கெப்பாசிட்டர், இரண்டையும் சேர்த்துச் சுற்றிய சோக் எனும் கம்பிச்சுருள் ஒன்று, ஒவ்வொரு கம்பியிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு ஒய் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். இரைச்சலைத் தெருக்கம்பிக்குப் போகவிடாமல் உள்ளேயே சுற்றிவரச் செய்யும் வடிகட்டி அது. இந்தப் பலகையில் எக்ஸ் கெப்பாசிட்டருக்கான இடம் காலி. சோக் இருக்க வேண்டிய இடத்தில், அதன் வட்ட வடிவம் வெள்ளை மையில் அச்சிடப்பட்டிருக்க, அதன் குறுக்கே இரண்டு வெறும் கம்பித் துண்டுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. வடிவமைத்தவர் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார். தயாரித்தவர் கம்பியால் கடந்துபோயிருக்கிறார். நுழைவாய்ச் சாக்கெட்டின் முதுகில் இரண்டு நீலநிற ஒய் கெப்பாசிட்டர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

அம்மா சொன்ன சுருக்கென்ற இழுப்பு அந்த நீல வில்லைகளிலிருந்து வந்தது. ஒய் கெப்பாசிட்டர்கள் இரண்டும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தொடராக அமர்ந்து, நடுப்புள்ளியில் பெட்டியின் உடம்போடு சேர்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பு, பாதி மின்னழுத்தமான 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். அதில் ஓடக்கூடிய மின்னோட்டம் அரை மில்லியாம்பியரைக்கூட எட்டாது என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் விரல் உணரும். ஆகவே சாக்கெட்டைப் பார்த்தோம். பேஸுக்கும் எர்த் துளைக்கும் இடையே டெஸ்ட் விளக்கை வைத்தால் எரியவில்லை. இன்வெர்ட்டர் இணைப்புக்காக மாடியறைக்குப் புதிதாகக் கம்பி இழுத்தபோது, இரண்டு கம்பிகள் மட்டும் இழுத்து, மூன்றாவது துளையை வெறும் அலங்காரமாக விட்டுவிட்டிருக்கிறார்கள். கீழ்வீட்டில் எர்த் குழி ஒழுங்காகவே இருந்தது.

இனி எல்லாம் பொருந்துகிறது. வடிகட்டி இல்லாத எஸ்எம்பிஎஸ் இரைச்சலைப் பெட்டியின் உடம்பில் ஏற்றுகிறது. மலிவான எச்டிஎம்ஐ கேபிளின் உறை, பிளக்கின் உலோகக் கூட்டோடு சுற்றிவர இணையாமல் ஒரு மெல்லிய கம்பியால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்ததால், திரையின் வரித்துடிப்பும் கசிந்து அதே உடம்பில் சேர்கிறது. இறங்க மண் இல்லாத இரண்டும், வெளியே நீண்டு நிற்கும் ஒரே கம்பியான லேன் கேபிளைத் தேடிப் போகின்றன.

தணிப்பு

முதலில் எர்த். எலக்ட்ரீஷியனை அழைத்து, கீழிருந்து மூன்றாவது கம்பியை மாடியறைக்கு இழுத்ததும் பெட்டி இழுப்பது நின்றது; வீட்டார் அளவில் வேலை அத்தோடு முடிந்ததாகவே எண்ணினார்கள். என் மாடியில் மேடுகள் ஓர் அலகு இறங்கின, அவ்வளவே. பாதுகாப்புக்கான எர்த் 50 ஹெர்ட்ஸுக்குத்தான் மண். சுவருக்குள் பல மீட்டர் ஓடிவரும் அந்தக் கம்பி 7 மெகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு நீளக் கம்பியே ஒழிய மண் அன்று. எர்த் போட்டால் இரைச்சல் போய்விடும் என்று ஹாம்களிடையே இன்னும் உலவும் நம்பிக்கைக்கு இங்கே ஆதரவு கிடைக்கவில்லை. ஆனாலும் அது இல்லாமல் அடுத்த படிக்குப் போவது சரியுமில்லை.

அடுத்து, முழு வடிகட்டியோடு கூடிய நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை அவர்களே வாங்கி மாற்றினார்கள். கணினியைப் பூட்டித் தந்த கடையில் பழையதைக் காட்டிக் கேட்டபோது, ஓடிக்கொண்டுதானே இருந்தது என்பதே பதில். மாற்றியதும் மேடுகள் அடியோடு போயின. காலி இடங்களில் உறுப்புகளைப் பற்றவைத்துப் பழையதையே பிழைக்கவைக்கலாம் என்று நண்பர் சொன்னார். சோக்கில் மிச்சம்பிடித்தவர் வேறு எதில் மிச்சம்பிடித்திருப்பார் என்று தெரியாத பெட்டியை ஒரு வீட்டில் இரவெல்லாம் ஓடவிட எனக்கு மனமில்லை.

கோடுகளுக்கு ஃபெரைட் தேவைப்பட்டது. கேபிளின் மேல் கவ்வும் சிறிய ஃபெரைட் உருளைகளை ஒன்றுக்கு மூன்றாக மாட்டிப் பார்த்தும் முள் அசையவில்லை. ஒருமுறை மட்டும் கம்பி ஊடுருவும் ஃபெரைட், 7 மெகாஹெர்ட்ஸில் சில பத்து ஓம் தடையைத்தான் தரும். சுற்றுகளின் எண்ணிக்கை கூடினால் தடை அதன் வர்க்கமாக ஏறும். பத்துச் சுற்றுக்கு ஏறத்தாழ நூறு மடங்கு. 31-ஆம் கலவை எனும் ஃபெரைட் வகையில் செய்த, இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வெளிவிட்டமுள்ள வளையத்தில் லேன் கேபிளைப் பத்துச் சுற்றுச் சுற்றி, கணினியின் பின்புறத்தை ஒட்டியே வைத்தோம். கோடுகள் எஸ் 5-க்கு இறங்கின. பழைய எஸ்எம்பிஎஸ்களிலிருந்து கழற்றும் மஞ்சள்-வெள்ளை வளையங்களை இதற்குப் பயன்படுத்த முடியாது. அவை இரும்புத்தூளால் ஆனவை, வேறு வேலைக்கானவை. மின்சார வயருக்கும் ஸ்பீக்கர் வயருக்கும் அதேபோல் ஒவ்வொரு வளையம் போட்டோம். எச்டிஎம்ஐ கேபிளை, உறை ஒழுங்காக இணைந்த குட்டையான ஒன்றாக மாற்றி, அது வளையும் அளவுக்கு நாலைந்து சுற்று மட்டும் கொடுத்தோம்.

அன்று மாலை நெட்டில் மதுரை நிலையமொன்றின் மெல்லிய சமிக்ஞையை முழுதாகப் படிக்க முடிந்தது. நான் 100 வாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர் தம் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கரகரப்பு எதுவும் வரவில்லை என்று செய்தி அனுப்பினார். அலைவரிசையின் அடித்தளம் இப்போது மாலையிலும் எஸ் 4. மூன்று கோடுகளில் 7020-உம் 7155-உம் அதற்குள் அமிழ்ந்துவிட்டன, 7087.7-இல் நடுக்கோடு மட்டும் வாட்டர்ஃபால் திரையில் மங்கலாகத் தெரிகிறது, காதுக்குக் கேட்பதில்லை.

எஸ் 4-க்கும் ஏற்காட்டின் எஸ் 2-க்கும் இடையே மிஞ்சும் இரண்டு அலகுகள், அடுத்த பராமரிப்பு மின்தடையின்போது காணாமல் போயின. இன்வெர்ட்டரில் ஓடாத எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் மின்விசிறி ரெகுலேட்டர்களும் தெரு முழுவதிலுமிருந்து சேர்ந்து தரும் இரைச்சல் அது. அதில் தனித்து எழும் கோடோ மேடோ எதுவும் இல்லாததால், அதன் பின்னே போகவில்லை.